திருச்சபைப் பள்ளியும் ஏரிக்கரைப் பிள்ளைகளும்

அனுப்பம்பட்டுக்கு அண்மையில் தன்னாட்சிச் சபையொன்று சிறுவர் சிறுமியருக்கென நடத்திவரும் ஆங்கிலவழிப் பள்ளியின் ஆண்டுவிழாவில் அருளுரை ஆற்ற நாம் சில காலத்துக்கு முன் அழைக்கப்பட்டிருந்தோம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட சிறு நிலையம் அனுப்பம்பட்டு. அது ஏரிக்கரை ஊரன்று. ஆயினும் பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதிக் குப்பங்களுக்கும் நகருக்கும் நடுவே அமைந்திருப்பதால் இவ்விரு உலகங்களையும் ஒருங்கே காணத்தக்க இடம். காலையில் நிலையத்தில் நின்றால் கழுத்துப்பட்டையும் காலணியும் அணிந்த பிள்ளைகளையும், ஈரம் சொட்டும் மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்து வண்டிக்குக் காத்திருக்கும் தாய்மாரையும் ஒரே மேடையில் காணலாம்.

விழா சிறப்பாகவே நடந்தது. பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். வரவேற்புரையில் பள்ளியின் தாளாளரான போதகர் ஆண்டறிக்கை வாசித்தார். அதில் ஒரு வாக்கியம் இன்றளவும் நம் செவியை விட்டு அகலவில்லை. தம் பள்ளிக்குச் சிறுபான்மை நிறுவனச் சான்றிதழ் கிடைத்துவிட்டதென்றும், ஆகவே இனி ஏழைப் பிள்ளைகளுக்கென்று இலவச இடங்கள் ஒதுக்கவேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லையென்றும், இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துவதாகவும் அவர் அறிவித்தார். சபையார் கைதட்டினார்கள். அடுத்து எழுந்த நாம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்திலிருந்து, ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை அழைத்து நடுவே நிறுத்திய நிகழ்ச்சியை விளக்கிப் பேசினோம். அந்த ஸ்தோத்திரத்தைக் கேட்டும் கேளாதவர்போலப் பேசினோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அப்போதகருக்கு நியாயம் செய்தல் வேண்டும். அவர் பேராசை கொண்டவர் அல்லர். ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பள்ளியை இருபதாண்டு உழைப்பால் கட்டடமாக்கியவர். நம் பெரிய பேராயங்களுக்குப் பழைய மிஷன் சங்கங்கள் விட்டுச்சென்ற நிலமும் வளாகமும் உண்டு. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்கும் பள்ளிகளும் உண்டு. தன்னாட்சிச் சபைகளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 1991–92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பெற்ற தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. ஆகவே பின்வந்த சபைகள் பள்ளி நடத்த விரும்பினால் கட்டணம் வாங்காமல் நடத்த வழியில்லை. கட்டணம் வாங்குவதை நாம் குறைகூறவில்லை. ஏழைப் பிள்ளையைச் சேர்க்கவேண்டியதில்லை என்பதற்காக நன்றி செலுத்தியதையே ஆராய விரும்புகிறோம்.

நம் நாட்டுப் புராட்டஸ்டாண்டுத் திருச்சபை பள்ளிக்கூடத்தோடு பிறந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றார் என்பதை அறியாத இறையியல் மாணவர் இல்லை. அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பெண் பிள்ளைகளுக்கும் திறந்தார். அப்பிள்ளைகளுக்கு உணவும் உடையும் மிஷனே அளித்தது. ஹாலே நகரில் பிராங்கே அமைத்திருந்த அநாதைச் சாலையும் ஏழைப் பள்ளியுமே அவர் கண்முன் இருந்த மாதிரி. கட்டணம் என்ற பேச்சே அங்கில்லை. கொடுக்க இயலாதவரே அங்கு வந்தனர்.

இவ்வரலாற்றை நாம் ஆண்டுவிழாக்களில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. அதே தரங்கம்பாடிச் சபையில் சாதிக்கேற்ப அமரும் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். ஆனால் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரான உபதேசியார் ராஜநாயக்கனுக்குச் சாதியுணர்ச்சியின் காரணமாக அப்பட்டம் கிட்டாமலே போயிற்று. பள்ளி ஏழைக்குத் திறந்திருந்ததால் மட்டும் சபை அவனுக்குத் திறந்திருந்ததாகாது. ஆகையால் ஆதியிலே எல்லாம் நன்றாயிருந்தது, இடையிலே கெட்டது என்னும் எளிய கதையை நாம் சொல்லப்போவதில்லை.

பழவேற்காட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1758-இன் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட வந்து வேப்பேரியைச் சூறையாடியபோது, அங்கு ஊழியம் செய்துவந்த பப்ரிசியுஸ் ஐயர் தம் சபையாரோடு ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு ஒதுங்கினார். நம் திருமறையைத் தமிழில் செப்பனிட்டவரும் தமிழகராதி தந்தவருமான அவர், போர்க்காலத்தில் புகலிடம் தேடிய இடம் இந்த ஏரிக்கரை. அன்று சபைக்குப் புகலிடம் தந்த கரையின் பிள்ளைகள் இன்று சபையின் பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்பது தகாத கேள்வியன்று.

ஏரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் நம் மாணவர் பலர் அதனைப் பறவை பார்க்கும் இடமாகவே அறிவர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது இது. பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் உள்ளது. முகத்துவாரத்தை அடுத்த தென்பகுதி நமக்குரியது. இங்கு 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக நிலவுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் யார் எந்நாள் எங்கே வலைகட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது அம்முறை. சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்ளும் அழகான ஏற்பாடு. ஆனால் அப்பாட்டில் பெயர் உள்ளவர் பட்டினவர் சமூகத்து ஊரார் மட்டுமே. கரையில் வாழும் தாழ்த்தப்பட்டோருக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. இருளர் பெண்கள் நீரில் அமர்ந்து கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பற்களால் கவ்விக்கொண்டிருப்பர். வலையுமில்லை, படகுமில்லை, பாடுமில்லை. (பாடு என்ற சொல் நம் திருச்சபைத் தமிழில் எதைக் குறிக்கும் என்பதை லெந்து நாட்களில் பிரசங்கிக்கும் எவருக்கும் நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.)

இத்தாய்மாரின் பிள்ளைகளே நம் கேள்வியின் நடுவே நிற்பவர்கள். அவர்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தை நீரின் ஏற்றவற்றம் தீர்மானிக்கிறது. பள்ளி மணி தீர்மானிப்பதில்லை. இறால் குறைந்தால் குடும்பமே இடம்பெயர்கிறது. சாதிச் சான்றிதழ் பெறவே பலமுறை அலைய வேண்டியிருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபின் நீரும் முன்போல் இல்லை என்று அவர்கள் முறையிடுகின்றனர். இத்தகைய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேருவதற்குக் கட்டணம் ஒரு தடை மட்டுமே; ஆனால் முதல் தடை அதுவே.

ஆங்கிலத்தைப் பற்றிய வழக்கை இங்கே சற்று விரிவாக நோக்குவோம். ஏனெனில் இத்தகைய பள்ளிகளைக் குறைகூற வருபவர் பெரும்பாலும் ஆங்கிலத்தின்மேல் பழியைப் போட்டு முடித்துவிடுகின்றனர். இவ்வழக்கு யாழ்ப்பாணத்தில் முன்னரே நடந்து தீர்ப்பும் ஆயிற்று. அமெரிக்க மிஷனார் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினர். அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் உறைவிடப் பள்ளி தொடங்கினர். வட்டுக்கோட்டையில் ஆங்கிலமும் தமிழும் வானநூலும் கணிதமும் உயர்ந்த நிலையில் கற்பிக்கப்பெற்றன. முப்பதாண்டு கழிந்தபின் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் 1855-இல் நேரில் வந்து ஆராய்ந்தார். மாணவர் அரசு உத்தியோகத்தையே நாடிப் போகின்றனர், சபைக்குப் போதகர் கிடைப்பதில்லை, ஆங்கிலம் அவர்களைத் தம் மக்களிடமிருந்து பிரிக்கிறது என்பன அவர்தம் முடிவுகள். செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது.

ஆண்டர்சனின் கொள்கையில் உயர்ந்த அம்சம் உண்டு. சுதேச சபை தன் சொந்த மொழியில், தன் சொந்தக் குருமாரால், தன் சொந்தப் பணத்தால் நிலைக்கவேண்டும் என்று அவர் வாதாடினார். நாம் இன்று வகுப்பறையில் மகிழ்ந்து கற்பிக்கும் கொள்கை அது. ஆனால் 1857-இல் புதிதாக நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவரும் மூடப்பட்ட அந்தச் செமினரியின் மாணவர். அவர்களுள் தாமோதரம்பிள்ளையோ பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெரியார். ஆங்கிலக் கல்வி தம் மக்களிடமிருந்து மாணவரைப் பிரித்துவிடும் என்ற தீர்ப்பு இவரிடத்தில் தலைகீழாயிற்று. தமக்கு வேண்டியது இன்னதென்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் சொன்னதை ஆண்டர்சன் செவிமடுக்கவில்லை. அவர்களுக்கு நன்மை இன்னதென்று தாமே தீர்மானித்தார்.

ஆகவே ஆங்கிலம் ஏழைக்கு ஆகாது என்று உபதேசிக்கும் போதகர் எவரிடமும் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார் என்று கேட்டுவிடவேண்டும். நம்மிடம் கேட்டால், நம் பிள்ளைகள் ஆங்கிலவழியில் பயின்றவர்களே என்று ஒப்புக்கொள்ள நேரும். குப்பத்துத் தாய் தன் மகளுக்கு ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டால் அது மயக்கமன்று; நாம் அடைந்ததைத் தானும் அடைய விரும்புகிறாள். ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலத்தில் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தது. பத்தாம் வகுப்புவரை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே ஆயிற்று. அதன்பின் கட்டணத்துக்கு ஈடாகப் பெற்றோர் பெறுவது என்ன என்பதை ஆராய்ந்தால், பயிற்றுமொழிக்கு அடுத்தபடியாக அவர்கள் பெறுவது தம் பிள்ளை யாரோடு அமரவேண்டியதில்லை என்னும் உறுதியே என்று அஞ்சுகிறோம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபையில் சாதிப் பிரிவினை கூடாதென்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பி எதிர்த்தது எதுவோ, அது வேறு வேடத்தில் பள்ளி வாசலில் நிற்கிறது.

கிராமத்து மிஷன் பள்ளிகளின் நிலையையும் கூறுவோம். 1854-இல் வுட் துரையின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து அரசு மானியம் வந்தது. உபதேசியாரே ஆசிரியராக இருந்து வாரநாட்களில் அரிச்சுவடி கற்பித்து ஞாயிறன்று ஜெபம் நடத்திய காலம் நெடியது. செங்கற்பட்டு ஜில்லாவில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரு ஐயர் தாழ்த்தப்பட்டோரிடையே பள்ளிகளை நடத்தியதோடு அவர்கள் நிலத்துக்காகவும் வழக்காடினார். கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையும் 1892-இன் பஞ்சமி நில ஆணையும் அக்காலத்தன. பள்ளியும் நிலமும் பிரிக்க முடியாதவை என்பதை அன்றைய ஊழியர் அறிந்திருந்தனர். பிற்காலத்தில் ஆசிரியரின் ஊதியத்தை அரசே ஏற்றது. ஆசிரியர் நலமடைந்தார், சபைக்கும் பள்ளிக்கும் இடையே பெயர்ப்பலகை மட்டும் எஞ்சியது.

இங்கே நம் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். நாம் ஒரு சேகரத்தில் போதகராகவும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியொன்றின் தாளாளராகவும் இருந்தபோது, அதே வளாகத்தில் கட்டண ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கும் தீர்மானம் குழுவுக்கு வந்தது. பள்ளியின் வருமானத்தால் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் நன்மை செய்யலாம் என்று வாதிக்கப்பட்டது. நாமும் நம்பினோம், கையொப்பமிட்டோம். ஐந்தே ஆண்டில் மின்விசிறி உள்ள அறைகள் ஒரு பிரிவுக்கும் கூரை ஒழுகும் அறைகள் மற்றொன்றுக்கும் என்றாயின. இரு பிரிவுக்கும் நடுவே ஒரு கம்பிவேலி எழுந்தது. அதற்கான பட்டியலிலும் நம் கையெழுத்தே இருக்கிறது. பிள்ளைகள் அவ்வேலியின் இருபுறமும் நின்று பேசிக்கொண்டிருப்பதை நாம் போதகமனைச் சாளரத்திலிருந்து பார்த்ததுண்டு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 30(1)-ஆம் பிரிவு சமயச் சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நடத்தவும் உரிமை அளிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உதவிபெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு அளித்து இலவசமாகக் கற்பிக்கவேண்டும் என்றது; செலவை அரசு ஈடுசெய்யும். உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளை இதற்கு அப்பாற்பட்டவை என 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்து இச்சட்டமே அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு இத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பிப் பெரிய அமர்வின் ஆய்வுக்கு விடுத்தது.

30-ஆம் பிரிவின் அருமையை நாம் மறுக்கவில்லை. சிறுபான்மையினர்க்கு எதிரான குரல் ஓங்கும் காலத்தில் அதனை விட்டுக்கொடுக்கலாகாது என்று நம் நண்பர்கள் கூறுவது வெற்றச்சமன்று. தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையை அவர்கள் ஐயத்துடன் நோக்குவதும் காரணமற்றதன்று. கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோரில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் அல்லாதார் என்றும், சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிள்ளைகள் 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதன் நோக்கத்தைக் குறித்து வாதிடலாம். எண்ணைக் குறித்து வாதிட வேண்டுமாயின் நம் கையில் நம் எண் இருக்கவேண்டும். அது நம்மிடம் இல்லை.

உரிமையைப் பற்றி அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய பகுதியொன்று நம் திருமறையில் உண்டு: 1 கொரிந்தியர் 9. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நற்செய்தி ஊழியன் தன் பிழைப்பைச் சபையிடம் பெற உரிமையுடையவன் என்பதைப் பவுல் போர்வீரன், திராட்சத்தோட்டக்காரன், மேய்ப்பன், மோசேயின் சட்டம், ஆலயப் பணியாளர் எனச் சான்றுமேல் சான்று அடுக்கி நிலைநாட்டுகிறார். ஒரு வழக்கறிஞரின் வாதம் போன்றே இருக்கிறது. எக்சூசியா என்னும் கிரேக்கச் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. வாதத்தில் வென்று முடித்தபின், அவ்வுரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமை பொய் என்று அவர் சொல்லவில்லை. பிறர் அதைப் பறித்துக்கொள்ளவும் விடவில்லை. நற்செய்திக்கு இடையூறாகும் இடத்தில் அதைப் பயன்படுத்தாமலிருக்கத் தமக்குள்ள சுதந்தரமே அவர் பேசும் பொருள். கொரிந்து சபை எவ்வுரிமைகளைக் குறித்துப் பெருமை பாராட்டிற்றோ அவற்றால் எளிய மனச்சாட்சியுள்ள சகோதரன் இடறினான் என்று முந்தின அதிகாரம் முழுவதும் கூறியபின்னரே இதை எழுதுகிறார் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

நீதிமன்றம் நமக்குத் தந்தது விலக்கு, தடையன்று. ஏரிக்கரைப் பிள்ளைக்கு இடம் கொடுக்கக் கட்டாயம் இல்லை என்றால், நாமாக விரும்பிக் கொடுப்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை. உரிமையை முழுமையாக வைத்துக்கொண்டே, இருபத்தைந்தோ பத்தோ, சபை தன் சொந்தக் கணக்கில் ஏற்கலாம். இதற்குப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஏழு இலட்சத்தில் கோபுரம் எழுப்பப் பணம் திரட்டத் தெரிந்த சபைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டணம் தள்ளுபடி செய்தால் மட்டும் பிள்ளை பள்ளியில் நிலைப்பதில்லை என்பதையும் அறிவோம். காலையில் வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை பதினோரு மணிக்குத் தூங்கிவிடும். மாநில அரசின் காலை உணவுத் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது அதன் தொடக்கவிழா நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், கத்தோலிக்கச் சகோதரரின் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் நடந்தது. சீகன்பால்க் ஐயர் பள்ளியில் சோறிட்டதை நாம் மறந்தோம், அரசு நினைவுகூர்ந்தது. சுயநிதிப் பள்ளிகளுக்கு அத்திட்டம் இல்லை. அங்கு அந்தப் பொறுப்பு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு உரியதாகலாம். அவர்கள் நம்மைவிட விரைவாக ஒப்புக்கொள்வார்கள் என்பது நம் அனுபவம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பள்ளியின் பெயரில் சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே இருப்பதால் இருவருக்கும் சமவாய்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்கே கட்டணம் செலுத்த முடியுமாயின் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறவன் யார், தம்பியைப் பார்த்துக்கொண்டு குடிசையில் இருக்கிறவள் யார் என்பதைச் சொல்ல வேண்டா. இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி அமைத்துச் சரிகைப் பின்னல் பயிற்சியும் தந்தபோது, மகளைப் பள்ளிக்கு அனுப்புவதால் வீட்டுக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் வழியையும் சேர்த்தே சிந்தித்தார். இலவச இடங்கள் வழங்கும் சபை அவற்றில் முதல் உரிமையைப் பெண் பிள்ளைக்கு அளிக்குமாயின் நாம் மகிழ்வோம்.

விழா முடிந்து சில நாட்களுக்குப் பின் அந்தத் தாளாளருக்கு இவை அனைத்தையும் கடிதமாக எழுதினோம். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் நேரில் வந்தார். தம் பள்ளியில் ஏரிக்குப்பங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகின்றனர் என்று எண்ணிப் பார்த்ததாகவும், ஒருவரும் இல்லையென்றும் கூறினார். உங்கள் பேராயத்துப் பள்ளிகளில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டார். நம்மால் பதில் சொல்ல இயலவில்லை. வரும் கல்வியாண்டில் களப்பணிக்குச் செல்லும் நம் இறுதியாண்டு மாணவர் நால்வர், பொன்னேரி வட்டத்தில் சபைகள் நடத்தும் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளை, இசைவு தரும் தாளாளர்களிடமிருந்து பெற்று எண்ணுவதென ஏற்பாடாகியிருக்கிறது. முதல் இசைவுக் கடிதம் அந்தப் போதகருடையது.